பழைய காருக்கு எந்தப் பிளக் வயர்?



1961 முதல் சென்னையில் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், 1958 முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பெற்ற அம்பாஸடரையும் இன்றும் அருமையாகப் பேணுவோர் உளர். வண்ணத்துக்கும் மெத்தைக்கும் பணத்தை வாரி இறைக்கும் அவர்களே பிளக் வயரைக் கடையில் கிடைத்தபடி வாங்கிவிடுவர். வண்டி மேடேறும்போது இருமத் தொடங்கிய பின்னரே அதன் நினைவு வரும்.

அந்த வயரின் வேலை எளியதன்று. பேட்டரி தரும் 12 வோல்ட்டைக் காயில் பதினாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஆகவே உறைதான் முதலில் கவனிக்கத்தக்கது. பழைய ரப்பர் உறை சூட்டினாலும் எண்ணெயினாலும் வெடித்துப்போகும். அவ்வெடிப்பின் வழியே மின்சாரம் அருகிலுள்ள இரும்புக்குத் தாவும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் நீலப் பொறி தெரியும். பார்க்கலாம், தொடலாகாது. புதிதாக வாங்குவோர்க்குச் சூட்டைத் தாங்கும் சிலிக்கோன் உறையே நல்லது.

இனி, உள்ளே இருப்பது என்ன என்பதே பெரிய கேள்வி. பொறி உள்ள இடத்தில் வானொலி அலையும் உண்டு. 1887-இல் ஹெர்ட்ஸ் பொறியைக் கொண்டுதான் அவ்வலைகளை எழுப்பினார். செம்பு வயர் பூட்டிய கார் ஒவ்வொன்றும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். அதன் நிகழ்ச்சிதான் கேட்கச் சகிக்காது! தொலைக்காட்சிப் படங்களையும் அது கெடுத்தமையால், பிரிட்டன் 1952-இல் அதனைத் தடுக்க விதி வகுத்தது.

இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று, கரி தோய்ந்த இழையை உள்ளே வைப்பது. அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடை இருப்பதால் இரைச்சல் அடங்கும். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள எங்கள் மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். உலோகமில்லாத கம்பியைக் கண்டால் அவனும் மெச்சியிருப்பான்.

ஆனால் எல்லாப் பழைய காருக்கும் அது பொருந்தாது. பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகள் சிலவற்றில், கூர்முனைத் திருகு ஒன்று வயருக்குள் குத்தி நின்றே தொடர்பு தருகிறது. செம்பு இழைகளை அது நன்றாகப் பற்றும். கரி இழையோ நாளடைவில் கருகி விலகிவிடும். பிறகு வண்டி தடுமாறும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றுவார்! அத்தகைய மூடிக்குச் செம்பு வயரே வாங்கி, இரைச்சலைக் குறைக்கத் தடை வைத்த பிளக்கையோ பிளக் மூடியையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். வயர் செருகி நிற்கும் புதிய வகை மூடியானால் கரி இழை போதும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தியிருந்தாலோ, தடையில்லாத செம்பு வயர் கூடவே கூடாது. இரைச்சல் அக்கருவியையே குழப்பிவிடும். ஆதலால் கடைக்குப் போகுமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

பூட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். இவ்விரு கார்களிலும் பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் செல்கிறது. அடுத்தடுத்துப் பொறி பெறும் 3, 4 ஆகியவற்றின் வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், ஒன்றில் ஓடும் மின்சாரம் மற்றதிலும் தூண்டப்பெற்று, வேளையல்லாத வேளையில் அங்கே பொறி எழக்கூடும். அவற்றை ஒரு விரலளவாவது விலக்கி வையுங்கள்.