சிவப்பு மை

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையிடம் ஏலத்தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், 'மலை' இருக்க வேண்டிய இடத்தில் 'மழை' வந்து உட்கார்ந்துகொள்ள வாய்ப்புண்டு. அந்தப் பக்கத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை! டீச்சர் அதைச் சிவப்பு மையால் சுழித்துத் திருத்துகிறார். அதனால் பயன் உண்டா?

இல்லை என்றார் ஜான் ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர். இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு இலக்கணத் திருத்தம் கெடுதலே செய்யும், விட்டுவிடுங்கள் என்று 1996-இல் எழுதினார். பெரிய வாக்குவாதம் கிளம்பியது. டானா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் 1999-இல் அவரை மறுத்து எழுதினார்.

பிறகு நியூசிலாந்தில், ஆங்கிலம் கற்கும் மாணவர்களிடம் ஜான் பிட்சனர், ஊட்டே நோக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாப் பிழையையும் அவர்கள் துரத்தவில்லை. 'எ' (a), 'தி' (the) என்ற இரண்டு குட்டிச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திருத்தம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பிழை குறைவாக எழுதினார்கள். அதுவும் பழைய கட்டுரையைத் திருத்தி எழுதியதில் அல்ல, புதிதாக எழுதியதில். 10 மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

எனக்குப் பிடித்தது, இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்ட அந்தச் சிக்கனம்தான். பக்கம் முழுக்கச் சிவந்த நோட்டில் பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். இந்த வாரம் லகர ழகரம், அடுத்த வாரம் ஒற்று என்று வைத்துக்கொண்டு, ஓரத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதித் திரும்ப எழுதச் சொல்லலாம். நாற்பது நோட்டு திருத்தும் டீச்சருக்கும் கை வலி கொஞ்சம் குறையும்.