மாணவர் வெளிநாட்டுப் பயணம்: குழுவாகவா, தனியாகவா?



சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் மாலை வேளையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று, மகள் படிக்கும் இடைநிலைப்பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பு. சுமத்திராவிலுள்ள மேடான் நகருக்கும் தோபா ஏரிக்கும் நான்கு நாள் மாணவர் குழுச் சுற்றுலா; கட்டணம் 1,500 வெள்ளி. மற்றது, மகளே தன் கைப்பட எழுதிய கணக்கு. அவளும் தோழியர் இருவரும் தாங்களாகவே அதே ஊர்களுக்குப் போய்வர ஆளுக்கு 900 வெள்ளி.

"வாத்தியாரே, கூட்டுப் பணம் எடுத்துக் கட்டிடுவேன். அதப் பத்தி இல்ல. எதுல அனுப்புறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அந்த ஊருக்கு நான் இரண்டு வகையிலும் போய்வந்தவன். இரண்டிலும் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. அவரிடம் அன்று சொன்னவற்றையே இன்று நேயர்களாகிய உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

2017-ஆம் ஆண்டில் குழுவோடு போனேன். நாற்பது மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், ஒரு பேருந்து. குழுக் கட்டணம் என்பது விமானச் சீட்டுக்கும் அறைக்கும் சோற்றுக்கும் உரிய விலை மட்டுமன்று. நமக்காக இன்னொருவர் கவலைப்படுவதற்கான கூலியும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் நாள் இரவு ஒரு பையனுக்குக் கடுமையான காய்ச்சல். ஓர் ஆசிரியர் அவனை மருத்துவரிடம் கொண்டு சென்றார். மற்ற மூவரும் மீதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். காலையில் பயணம் தடைப்படவில்லை. ஊரிலிருந்த பெற்றோருக்குச் செய்தி போகும்போதே "இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது" என்ற வரியும் சேர்ந்தே போனது. இதனை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

ஆனால், அதே பயணத்தில் ஓர் அங்காடியில் எங்கள் பேருந்து இரண்டு மணி நேரம் நின்றது. அருங்காட்சியகத்தில் நின்றது இருபத்தைந்து நிமிடம். கடைக்கு ஆள் கொண்டுவருபவருக்கு அங்கே பங்கு உண்டு என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊர் திரும்பியபின் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பேருந்தில் பாடிய பாட்டையும் விடுதியின் நீச்சல் குளத்தையும் எழுதினார்கள். "தோபா ஏரி மிகவும் பெரியதாக இருந்தது" என்பதற்குமேல் ஏரியைப் பற்றி எவரும் எழுதவில்லை. அது பிள்ளைகளின் குற்றமன்று. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடைய அந்த ஏரி, ஒரு எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்தபோது கிளம்பிய சாம்பல் நம் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் வந்து படிந்தது. இன்றும் அங்கே மண்ணடுக்கில் அதைக் காணலாம். லெங்கோங், 2012-இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். நம் வீட்டு வாசலில் கிடக்கும் சாம்பலுக்கு உரிய அடுப்பை நாற்பது பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். அதுதான் அது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன். புறப்படும் முன்னர் நானும் படித்துக்கொண்டு போகவில்லை.

அந்தக் குறை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், 2019-இல் சக ஆசிரியர் ஒருவரும் நானும் தனியாகப் புறப்பட்டோம். கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, குவாலானாமு விமான நிலையத்திலிருந்து இரயிலேறி மேடான் நகருக்குள் நுழைந்தோம். நமக்குத்தான் மலாய் தெரியுமே என்ற துணிச்சல். அந்தத் துணிச்சல் முதல் நாளிலேயே பாதி கரைந்தது. நாம் மோட்டார் வண்டியைச் சொல்லும் 'கெரேத்தா' பொது இந்தோனேசிய மொழியில் இரயிலைக் குறிக்கிறது. இங்கே இலவசம் என்று பொருள்படும் 'பெர்சூமா' அங்கே வீண் என்றாகிறது. சிறுவனைப் 'புடாக்' என்று அழைத்துவிடாதீர்கள். அங்கே அதற்கு அடிமை என்று பொருள். மூன்று சொற்களுக்கும் மூன்று முறை அசடு வழிந்தோம். ஆனால், வழி கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரோடு பேசினோம். குழுவோடு போன நான்கு நாளில் நான் உள்ளூர்க்காரர் எவரோடும் பத்து வார்த்தை பேசியதாக நினைவில்லை.

மேடானில் கம்போங் மெட்ராஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1884-இல் எழுந்தது. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு டச்சுக்காரர் காலத்தில் போன தமிழர்கள் எழுப்பிய கோயில். நம் பாட்டன்மார் மலாக்கா நீரிணைக்கு இந்தப் பக்கம் இறங்கினார்கள். அவர்கள் அந்தப் பக்கம் இறங்கினார்கள். வேறுபாடு அவ்வளவுதான். நம்முடையதைப் போன்ற அரசுத் தமிழ்ப்பள்ளிகள் அங்கே இல்லை. கோயில் வாசலில் பூ விற்ற மூதாட்டி ஒருவரிடம் நாங்கள் தமிழில் விலை கேட்டோம். அவர் இந்தோனேசிய மொழியிலேயே பதில் சொன்னார். சில்லறையை எண்ணித் தரும்போது மட்டும் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினார். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நிற்கிறேன். எங்கள் பள்ளி எதற்காக இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கை எனக்குச் சொன்னதுபோல் வேறெதுவும் சொன்னதில்லை. முன்பு குழுவோடு போனபோதும் எங்கள் பேருந்து அந்தக் கோயிலுக்கு அருகில்தான் போயிருக்க வேண்டும். நிற்கவில்லை.

சரி, தனியாகப் போவதே மேல் என்று சொல்லிவிடலாமா? மறுபக்கத்தையும் கேளுங்கள்.

தோபா ஏரியின் நடுவே சாமோசிர் என்ற பெரிய தீவு இருக்கிறது. அங்கிருந்து கரைக்குத் திரும்பும் படகில் ஏற நின்றோம். உள்ளே உட்கார இடமில்லை. கூரைமேலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரியில், அதற்கு முந்திய ஆண்டுதான், 2018 ஜூன் 18-ஆம் தேதி, 'சினார் பாங்குன்' என்னும் படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிச் சென்று மூழ்கியது. 160-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், அந்தப் படகை விட்டால் மேடான் போகும் வண்டி போய்விடுமே, மறுநாள் விமானம் இருக்கிறதே என்று கால் படகை நோக்கியே போனது. நாற்பதை எட்டிய இரண்டு ஆசிரியர்களுக்கு "வேண்டாம், அடுத்ததில் போவோம்" என்று சொல்ல நா எழவில்லை. கடைசியில் நண்பர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். படகு போனது, அது நல்லபடியாகக் கரை சேர்ந்தும்விட்டது. நாங்கள் வண்டியைத் தவறவிட்டு, வாடகைக் காருக்குப் பெருந்தொகை கொடுத்து நள்ளிரவில் மேடான் வந்தோம்.

பெற்றோரே, அந்த வாடகைக் காருக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இருந்தது. 900 வெள்ளியைக் காசு காசாகக் கணக்கிட்டுப் புறப்படும் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் அது இருக்காது. ஆகவே அவர்கள் படகில் ஏறுவார்கள். குழுவில் போகும்போது, "யாரும் ஏறாதீர்கள்" என்று ஆணையிட ஓர் ஆள் இருக்கிறார். அவருடைய சொல்லுக்குப் பின்னால் பணமும் பொறுப்பும் இருக்கின்றன. தனியாகப் போகும் கணக்கில் பிள்ளைகள் எப்போதும் எழுத மறக்கும் வரி இதுதான்: வேண்டாம் என்று சொல்வதற்கான பணம்.

இதைத்தான் அந்தத் தந்தையிடம் சொன்னேன். பதினேழு வயதில் குழுவோடு போகட்டும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கழித்து, தன் சம்பாத்தியத்தில், தோழியரோடு தனியாகப் போகட்டும். அப்போது நீங்கள் தடுக்க வேண்டாம். ஆனால், கட்டணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்? காப்புறுதி உண்டா? பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் தங்குகிறாரா? கடப்பிதழ் யார் கையில் இருக்கும், அதன் படி பிள்ளையிடம் இருக்குமா? கடையில் எவ்வளவு நேரம், கோயிலில் எவ்வளவு நேரம்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் தோட்டத்துப் பெற்றோர் தயங்குகிறார்கள். அது உங்கள் வியர்வைப் பணம், ஐயா. தாராளமாகக் கேட்கலாம்.

பிறகு அவர் மகள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் சும்மா எழுதவில்லை. கம்போங் மெட்ராஸ் இருந்தது. மேடானின் வடக்கே கோத்தா சினா என்னும் பழைய வாணிகத் துறை இருந்தது. தென்னிந்தியச் சாயலுள்ள பழங்காலச் சிலைகள் கிடைத்த இடம் அது. இன்னும் ஒரு படி போய், பாருஸ் துறைமுகத்தருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும், அது இப்போது ஜக்கார்த்தா அருங்காட்சியகத்தில் இருப்பதால் இம்முறை பார்க்க முடியாது என்றும் குறித்திருந்தாள். பள்ளியின் அறிவிப்புத் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. "இந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாம் நாள் பிற்பகலை இதற்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள்" என்றேன்.

கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டாராம். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, அங்காடிக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்துக் கோயிலைச் சேர்த்துக்கொண்டார். கோத்தா சினாவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு ஆசிரியரைப் பின்னால் நடக்கவிட்டு, கம்போங் மெட்ராசில் வழி கேட்பதைப் பிள்ளைகளே செய்யட்டும் என்றும் முடிவாயிற்று.

எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் தந்தையும் மகளும் மறுபடியும் வந்தார்கள். கடப்பிதழைக் காட்டினாள். திறந்து பார்த்தேன். பயண நாளிலிருந்து ஐந்து மாதம்தான் செல்லுபடியாகும். இந்தோனேசியாவுக்குள் நுழைய ஆறு மாதமாவது இருக்க வேண்டும். மறுநாள் தந்தை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு விடியற்காலை முதல் பேருந்தில் குடிநுழைவு அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.