மின்சார பில் யார் தலையில்?

(கான்சாபுரம் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தாய் களையெடுப்புக்குப் போகிறாள். மகள் ராஜபாளையம் மில் வேனில் ஏறுகிறாள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் நிலை இதுதான். ஆகவே மில் முதலாளியின் மின்சார பில் நமக்கு அந்நியமான விஷயமல்ல.

நூற்பு மில்லில் பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவு மின்சாரமும் கூலியும். மின்கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கணக்கில் கட்டியே தீர வேண்டும். கூலியை அப்படியல்ல, அமுக்கிப் பார்க்கலாம். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

2008 நவம்பரிலிருந்து 2015 ஜூன் வரை தமிழ்நாட்டில் ஆலைகளுக்கு மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓட்டினார்கள். வசதியுள்ள மில்கள் முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலை நட்டன. வரிச் சலுகையும் கிடைத்தது. ஆடிக்காற்று அவர்களுக்குப் பணமாயிற்று. சின்ன மில்லுக்கு அந்த வழி ஏது? பிறகு 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் ஏறிற்று. உயர் அழுத்த ஆலைகளுக்கு யூனிட் 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசு. மாதாமாதம் கட்டும் டிமாண்ட் கட்டணம் ஒரு கே.வி.ஏ.வுக்கு 350-லிருந்து 550 ரூபாய். மெஷின் நின்றாலும் இதில் பெரும்பகுதியைக் கட்டவேண்டும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதை நாம் எதிர்க்கவில்லை. பழைய மோட்டாரை மாற்றட்டும், எல்.இ.டி. விளக்குப் போடட்டும், காற்றுக் குழாயில் கசிவை அடைக்கட்டும். கசிகிற காற்றுக்கும் கம்ப்ரஸர் மின்சாரம் தின்கிறதல்லவா? இதெல்லாம் நல்ல காரியம்.

ஆனால் ஈரக்காற்று தள்ளும் பெரிய விசிறியின் கதை வேறு. அதன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். முதலாளிக்கு இது தெரியும். நூல் அறாமலிருக்க வேண்டிய ஈரத்தைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் நிர்வாகமும் உண்டு. கணக்கை மட்டும் பார்த்துக் குறைத்தால்? ரிங் பிரேமில் புழுக்கம் ஏறும், பஞ்சுத் தூசி நிற்கும், நூல் அறும். சைடர் வேலை பார்க்கும் பெண் ஓடி ஓடி ஒட்டவேண்டும். பில்லில் மிச்சமான காசு அவள் நுரையீரலிலிருந்து வந்ததாகும். பஞ்சுத் தூசி நோய் மூச்சைப் பிடிப்பது உலகறிந்த விஷயம்.

இரவு விஷயம் இன்னொன்று. 2022 கட்டணத்தின்படி காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவீதம் கூடுதல்; இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஆர்டர் குறைந்து சில மெஷின்களை நிறுத்த நேர்ந்தால் எந்த நேரத்தில் நிறுத்துவார்கள்? இரவுச் சிப்டில் நிறுத்தமாட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெண்களின் இரவு வேலைத் தடையை 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் பெண்ணின் சம்மதம் வேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டும் என்றிருக்கிறது. சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் காகிதத்தை நம் பெண்கள் படித்துவிட்டுத்தான் போடவேண்டும்.

மில்லில் இருக்கும் தோழர்கள் இனி ஒரு கணக்கு எடுங்கள். உங்கள் பிரிவில் எத்தனை விசிறி, எந்த மணிக்கு எது நிற்கிறது, அந்த நேரத்தில் எத்தனை நூல் அறுகிறது என்று குறித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.