ஒரேயொரு பிரதி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைக் கேட்டு எழுதியபோது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தன. வலைப்பந்தாட்ட அணி, பரிசளிப்பு விழா, விடுதிப் பிள்ளைகள் என்று கறுப்பு வெள்ளைப் படங்கள் பல வீட்டு அல்பங்களிலிருந்து வந்து சேர்ந்தன. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது மாணவிகள் தொலைக்காட்சிக்குப் போய் ஆடியதும் பாடியதும் விவாதித்ததும் ஒரு நிமிடங்கூட வரவில்லை. எண்பது வருடத்துக்கு முந்திய முகங்கள் எங்களிடம் இருக்கின்றன. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய குரல்கள் இல்லை. அதைப்பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில். யப்பானின் உதவியுடன் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமானது. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்துக்குள் ஒரு தமிழ்ப் பாடசாலையின் பிள்ளைகள் தோன்றினால், அன்றைக்கு ரீவி இருந்த வீட்டில் அயலவரெல்லாம் கூடிவிடுவார்கள். டெக் இருந்த வீட்டில் யாரோ ஒரு மாமா அதைக் கசெற்றில் பதிந்தும் வைப்பார்.

ஒளிபரப்பிய நிலையமே எல்லாவற்றையும் வைத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. உலக அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நிலையங்கள் பாவித்த ஒளிநாடா விலை கூடியது. ஒருமுறை பாவித்ததை அழித்து, அதன்மேலேயே மறுபடி பதிவார்கள். பிபிசி நிறுவனம்கூட 'டொக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் பல அத்தியாயங்களை இவ்வாறு இழந்தது. அவற்றில் ஒன்பது 2013இல் நைஜீரியாவில் கிடைத்தன. படம் கிடைக்காத அத்தியாயங்களின் ஒலியாவது இன்று இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்தக் காலத்திலேயே வீட்டிலிருந்து ரேப் றெக்கோடரில் பதிந்துவைத்த நேயர்கள்தான்.

இன்னொரு பெண்மணியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்ரோக்ஸ் என்பவர் நூலகராக இருந்தவர். எழுபதுகளில் தொடங்கி 2012இல் இறக்கும்வரை தன் வீட்டிலிருந்தே தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாமல் பதிந்துவந்தார். அவர் விட்டுச்சென்ற கசெற்றுகள் ஏறத்தாழ 70,000. அவை நன்கொடையால் இயங்கும் 'இன்ரநெற் ஆக்கைவ்' என்ற இணையக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நிலையங்கள் வைத்திராததை ஒரு வீடு வைத்திருந்தது.

ஒரேயொரு பிரதி அழிந்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1983 யூலையிலும் பின்னர் நடந்த இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ வீடுகள், வீட்டோடு அல்பங்கள், கசெற்றுகள் எல்லாம் போயின. எஞ்சியவை இப்போது ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில், வெள்ளவத்தையில், யாரோ ஒருவரின் அலுமாரியில் கலியாணக் கசெற்றுகளுக்கு நடுவில் இருக்கின்றன.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் ஒரு நோயைப் பார்த்தால் முதலில் கேட்பது, எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைத்தான். கசெற்றுக்கு அதிக காலம் இல்லை. நாடாவில் காந்தத் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகுகிறது. எமது காலநிலையில் பூஞ்சணமும் பிடிக்கிறது. அதைவிட அவசரமான பிரச்சினை, போட்டுப் பார்க்கும் இயந்திரம். வீஎச்எஸ் இயந்திரங்களைக் கடைசியாகத் தயாரித்துவந்த யப்பானிய நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. பழுதானால் திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் கசெற்றுகளைத் தேடி எடுங்கள். எடுத்தவுடன் போட்டுப் பார்க்க வேண்டாம். வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அது இயந்திரத்துக்கும் தொற்றி, அடுத்த கசெற்றுக்கும் போகும். முதுகுப் பக்கத்தில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக யாரும் அதன்மேல் பதிய முடியாது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி, யார் யார் என்று அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். நாடாவைவிட நினைவு விரைவாக மங்குகிறது என்பதை எமது வைத்தியசாலைகளில் தினமும் பார்க்கிறோம்.

இதற்காகப் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்க வேண்டியதில்லை. 2005இலிருந்து நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி, உலகெங்கும் உள்ளவர்கள் கொடுக்கும் அன்பளிப்பால் எல்லாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறது. அத்தகைய காப்பகத்தோடு சேர்ந்து வேலைசெய்வதுதான் புத்தி.

செலவைப்பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். மூன்று மணித்தியாலக் கசெற்றை மாற்ற மூன்று மணித்தியாலமே வேண்டும். அதை விரைவுபடுத்த வழியில்லை. நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குப் 13 கிகாபைற் வரை இடம் பிடிக்கும். மூன்று பிரதியாவது வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வன்தட்டுகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே விழாவன்று ஒரு பெரிய தொகை கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, ஒவ்வொரு வகுப்புத் தொகுதியும் ஆண்டுதோறும் சிறு தொகை கொடுப்பதே இதற்குப் பொருந்தும்.

ஒரு விடயத்தில் அவசரப்படக் கூடாது. பாதுகாப்பது வேறு, எல்லாரும் பார்க்க இணையத்தில் இடுவது வேறு. பதிவில் ஆடும் பிள்ளை இன்று பேரப்பிள்ளை கண்ட பெண்ணாக இருக்கலாம். அவருடைய சம்மதம் வேண்டும். நிகழ்ச்சியின் உரிமை நிலையத்துக்கு உரியது. அதனிடமும் கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை பூட்டி வைக்கலாம். ஆனால் அனுமதிக்காகக் காத்திருந்து நாடாவை அழியவிடக் கூடாது. முதலில் உயிரைக் காப்பாற்றுவோம், மற்றதைப் பிறகு பேசுவோம்.

நூறு ஆண்டுக்குப் பிறகு இதே மண்டபத்தில் இன்னொரு மலர் வெளிவரும்போது, நாம் எப்படி இருந்தோம் என்பதற்குப் படங்கள் சாட்சி சொல்லும். எப்படிப் பேசினோம், எப்படிச் சிரித்தோம், எமது சங்கீத ரீச்சர் எந்தச் சுருதியில் பாட வைத்தார் என்பதை அந்தக் கசெற்றுகள்தான் சொல்ல வேண்டும். இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் சங்கத்துக்கு அறியத்தாருங்கள். அது மட்டுமே மிஞ்சிய பிரதியாக இருக்கலாம்.