வீட்டுப் பள்ளியும் தாயின் களைப்பும்

(ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் வெற்றிகளைக் கூறுவதே வழக்கம். நானோ, நான் தோற்றுப்போன ஓராண்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் கணவருடையது அடிக்கடி ஊர் மாறும் உத்தியோகம். இக்காலனியில் பாதிக் குடும்பங்களின் நிலையும் அதுவேயன்றோ? ராய்ப்பூரில் இந்தி, புவனேசுவரத்தில் ஒடியா, இங்கு நாகபுரியில் மராத்தி என்று ஆறே ஆண்டுகளில் மூன்று பள்ளிகளைக் கண்டு என் மகள் திகைத்துப் போனாள். ஆகவே அவளையும் அவள் தம்பியையும் வீட்டிலேயே படிப்பிப்பது என்றும், உரிய வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வை எழுதச் செய்வது என்றும் முடிவு செய்தோம். முடிவு செய்தவர் இருவர். கற்பிக்க வாய்த்தவள் ஒருத்தி. (என் கணவர் முன்வரிசையில் நெளிவது தெரிகிறது.)

பள்ளி வேண்டாம் என்று விட்ட நான், அப்பள்ளியையே முழுதாகக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கி வைத்தேன். சுவரில் கால அட்டவணை, நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம், வாரந்தோறும் தேர்வு. குக்கர் விசில் அடிக்கையில் பின்னக் கணக்கு. துணி உலர்த்துகையில் அசோகர். பள்ளி ஆசிரியைக்கு மாலையில் மணி அடித்தால் வீடு உண்டு; எனக்குப் போவதற்கு வேறு வீடு ஏது? குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் அன்போடு வினவினாலும், கல்வி அதிகாரி சோதனைக்கு வந்தது போலவே இருக்கும்.

ஒரு மார்கழி மாலை. வகுத்தல் கணக்கில் மீதியை எழுத மறந்தான் மகன். நோட்டைப் பிடுங்கிக் கிழித்துவிட்டேன். அவன் அழவில்லை. சற்று நேரம் கழித்து, “அம்மா, பள்ளிக்கூடம் எப்போது விடும்?” என்று கேட்டான். காலை முதல் வீட்டை விட்டு எங்கும் போகாத பிள்ளை கேட்ட கேள்வி அது.

இத்தகைய களைப்பைப் பற்றி 1974ஆம் ஆண்டில் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளநூல் அறிஞர் எழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மனையில் மனமுவந்து உழைத்தவர்கள் எரிந்து தீர்ந்த விளக்குப் போல் ஆனதை அவர் கண்டார். தாமும் அவ்வாறு ஆனார். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை நோயென்று கூறாது, வேலையால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. வீட்டில் கற்பிப்பதை வேலை என்று நாம் ஒப்புக்கொண்டாலன்றோ இக்களைப்புக்கும் ஒரு பெயர் கிடைக்கும்!

அன்றிரவே அட்டவணையைக் கிழித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் போதுமென்று பின்னர் கண்டேன். நண்பகலில் பூசை மணியை மகனே அடிப்பான்; அதன்பின் பாடத்தைப் பற்றி நான் வாய் திறக்கலாகாது.

அவசரத்தை விடுவதுதான் கடினமாயிருந்தது. மேற்சொன்ன நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை. இதை முதல் நாளே படித்திருந்தும், ஊரில் என் அக்காள் மகன் எழுதும் ஆண்டிலேயே என் மகளும் எழுத வேண்டுமென்று மனம் அடம்பிடித்தது. வீண் ஆசை; வேறென்ன?

இப்பொழுது கணிதத்தைக் கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு அம்மையார் மராத்தி சொல்லித் தருகிறார். அவருக்கு வாரந்தோறும் இட்லி மாவு. ஞாயிறன்று அறிவியல் என் கணவருடையது. அவர் கற்பிக்கும் முறை எனக்குப் பிடிப்பதேயில்லை. அதைச் சொல்லாமல் கோயிலுக்குப் புறப்பட்டுவிடக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

மகள் இவ்வாண்டு இரண்டு பாடங்களே எழுதுகிறாள். மாமியாருக்கு இது இன்னும் உடன்பாடில்லை.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்து நூலக அறை சனிக்கிழமை காலைகளில் பூட்டியே கிடக்கிறது. வீட்டில் கற்பிக்கும் தாய்மார்கள் இக்காலனியில் என்னையும் சேர்த்து நால்வர் இருக்கிறோம். சாவியைத் தந்தால், முறைவைத்து ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வோம். மற்ற மூவர் அவ்விரண்டு மணி நேரம் தம் விருப்பம்போல் இருக்கலாம். கதவை நாங்களே பெருக்கிப் பூட்டித் தருவோம்.