விமானத்தின் வயிற்றடியில் ஒரு ராக்கெட்



ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வு நிலையம் வருகிறது. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிச் செல்வதை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வழியே நம்மவர் கவனித்துக்கொண்டிருந்த அதே வேளையில், இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியில், சுமார் 41,000 அடி உயரத்தில், தொலைநோக்கி பொருத்திய அமெரிக்க விமானம் ஒன்றும் அதே நட்சத்திரத்தின்மேல் கண் வைத்துப் பறந்துகொண்டிருந்தது. கிரகம் நெருங்குமுன்பே நட்சத்திர ஒளி மங்குவதும் தெளிவதுமாக இருந்ததைக் கண்டுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது. காவலூருக்கு அந்தக் காட்சி இருந்த இடத்திலேயே கிட்டியது. விமானமோ காட்சி தெரியும் இடத்தைத் தேடிச் சென்றது.

ஆராய்ச்சிக்கான சிறு செயற்கைக்கோள்களை விமானத்திலிருந்து ஏவும் முறையிலும் விசேஷம் இதுவே என்பது என் அபிப்பிராயம். 1990 ஏப்ரல் 5ஆம் தேதி பெகாசஸ் என்னும் ராக்கெட் ஒரு பி-52 விமானத்தின் இறக்கையடியிலிருந்து முதன்முதலாக ஏவப்பட்டது. பின்னர், பயணிகள் விமானமாக இருந்து உருமாறிய ஸ்டார்கேசர் அதைச் சுமந்தது. ஏறத்தாழ 23 டன் எடையுள்ள ராக்கெட், பிடி விட்டவுடன் ஐந்து விநாடிகள் கல்லைப்போல் விழுந்து, அதன் பிறகே தீ மூண்டு, தன் சிறகின் பலத்தால் தலைநிமிர்கிறது. விமானத்தின் வேகம் பெரிய உபகாரம் என்று பலரும் நினைப்பதுண்டு. சுற்றுப்பாதைக்கு விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல் வேகம் தேவைப்பட, விமானம் தருவது கால் கிலோமீட்டர்கூட இல்லை. காற்றுமண்டலத்தின் பெரும்பகுதி காலடியில் கிடப்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், வேண்டிய அட்சரேகைக்குப் பறந்து போய் அங்கே ஏவலாம் என்பது. 2012 ஜூன் 13இல் ஏவப்பட்ட நியூஸ்டார் என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, தென் அட்லாண்டிக்கின் மேலுள்ள கதிர்வீச்சுத் தொல்லையிலிருந்து இயன்றவரை விலகிப் பூமத்திய ரேகையை ஒட்டிச் செல்லும் பாதை வேண்டியிருந்தபோது, கலிபோர்னியாவில் பூட்டிய ராக்கெட்டை விமானம் பசிபிக் சமுத்திரத்துக் குவாஜலீன் தீவுவரை சுமந்து சென்றது.

நமது அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் பங்குகொண்டு உருவாக்கிய 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோளுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. 2009 ஏப்ரல் 20இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ரிசாட்-2 செயற்கைக்கோளுடன் சென்றதால், ரிசாட்டுக்குக் குறித்த 41 பாகைச் சாய்வுப் பாதையே அதற்கும் வாய்த்தது. 2011இல் சென்ற மற்றொரு மாணவர் செயற்கைக்கோளான எஸ்.ஆர்.எம்.சாட்டுக்கு, உடன் சென்ற மேகா-டிராபிக்ஸின் 20 பாகை. பத்து அட்டைப்பெட்டி ஷூவைப் பிறருடைய கன்டெய்னரில் ஓர் ஓரமாக ஏற்றி அனுப்பும் சிறு வியாபாரி, கப்பல் புறப்படும் நாளையும் இறங்கும் துறைமுகத்தையும் தாம் நிச்சயிக்க முடியாது என்பதை இந்த ஆம்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூலி குறைவு என்பதால்தான் அவ்வாறு அனுப்புகிறோம். பெகாசஸில் தனியே போவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

செலவைக் குறைக்க முயன்ற கதையும் உண்டு. போயிங் 747 ஒன்றின் இறக்கையடியிலிருந்து 2021 ஜனவரி 17இல் பத்துச் சிறு செயற்கைக்கோள்களை, பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் செய்யப்பட்டவற்றை, விண்ணில் சேர்த்த விர்ஜின் ஆர்பிட் நிறுவனம், 2023 ஜனவரி 9இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து புறப்பட்டபோது, இரண்டாம் கட்டத்தின் எரிபொருட் குழாயில் ஒரு வடிகட்டி இடம் பெயர்ந்ததால், சுமந்து சென்ற அனைத்தையும் இழந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நிறுவனமே திவாலாயிற்று.

வடிகட்டி பற்றிய அந்தச் செய்தியைப் படித்தபோது, இப்பக்கத்து ஷூ தொழிற்சாலை ஒன்றில் நான் கண்ட ஒரு நோட்டு நினைவுக்கு வந்தது. தையல் யந்திரத்தில் ஊசி உடைந்தால், முனை முதல் அடி வரை எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, ஒன்று சேர்த்துப் பார்த்து, தாளில் டேப்பால் ஒட்டி, தேதியும் நேரமும் யந்திர எண்ணும் எழுதி, மேற்பார்வையாளர் கையொப்பம் வாங்கினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும், அருகிலிருந்த ஜோடிகள் அத்தனையும் உலோகச் சோதனைக்குப் போகும். அத்தகைய நோட்டில் பெயர் எழுதிய தாய்மார்கள் பலர் இந்த மண்டபத்தின் பின்வரிசைகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அரைநாள் விடுப்பில் வந்திருப்பதாகவும் இரண்டு மணி ஷிப்டுக்குத் திரும்ப வேண்டுமென்றும் கேள்விப்பட்டேன். ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பட்டங்களை வழங்கத் தொடங்கலாம்.