"யார்?" அல்ல, "ஏன்?"



தாதியாகச் சேர்ந்த முதல் வருடம், இரவுக் கடமையில் ஒருநாள் மருந்துப் போத்தலை மாற்றி எடுத்துவிட்டேன். நோயாளிக்குக் கொடுக்குமுன் கூட நின்றவர் கண்டுவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பொறுப்புத் தாதி ஏசவில்லை, "ஏன்?" என்று கேட்டார்.

ஏன் மாறியது? ஒரேமாதிரியான இரண்டு போத்தல்கள் அருகருகே இருந்தன. ஏன் அப்படி இருந்தன? தட்டுகளில் பெயர் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? அது யாருடைய வேலையென்று ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. மறுநாளே தட்டுகளைப் பிரித்துப் பெயர் ஒட்டினோம். கவனிக்க ஒருவரையும் நியமித்தோம்.

ஜப்பானின் டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பழக்கிய முறையும் இதுதான்: வேர்க்காரணம் தெரியும்வரை, ஐந்து தடவையென்றாலும், "ஏன்" கேட்பது.

"யார்" என்று கேட்டால் பிழையை மறைப்பார்கள். "ஏன்" என்று கேட்டால் காட்டுவார்கள். உங்களுக்குக் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் அப்படியே கேளுங்கள்.